இன்ஜினை அணைத்து இறங்கிய மலை

நான் அஞ்சாவதோடு படிப்பை விட்டவள். இந்த நோட்டில் என் எழுத்து கோட்டுக்கு மேலேயும் கீழேயும் ஓடுகிறது. ஒரு வரி எழுதுவதற்குள் முன் வரியில் என்ன எழுதினேன் என்பது மறந்து, திரும்பப் படித்துப் பார்க்கிறேன். கோணல் மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பங்கு மாதா கோயிலில், வண்டி ஓட்டுகிற வயசுப் பிள்ளைகளைக் கூட்டி ஒரு கூட்டம் போடப்போகிறார்களாம். நடந்ததை வந்து பேசுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். நாலு பேர் என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், யாராவது படியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் ஊர் சங்கராபுரத்துக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிறது. எங்களுக்கு நிலம் கிடையாது. கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் காலம் வந்தால் நாங்கள் எட்டுப் பெண்கள் ஒரு கும்பலாக மேலே போவோம். கூட்டிப்போகிறவர் எங்கள் ஊர் மேஸ்திரி. மலைக்காரர்களிடம் கிழங்குக் கொல்லையை விலை பேசி, எங்களை வைத்துப் பிடுங்கி, மூட்டை பிடித்து, சின்னசேலம் பக்கம் இருக்கும் ஜவ்வரிசி ஆலைக்கு இறக்குவார். அவரிடம் இரண்டு சின்ன லோடு வண்டி இருந்தது. முன் வண்டியை அவர் ஓட்டுவார். பின் வண்டியை அவர் மகன் ஓட்டுவான். அவனுக்கு அப்போது பதினேழு வயது. லைசென்ஸ் கிடையாது. எங்கள் பக்கத்தில் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். கால் எட்டினால் பிள்ளை ஓட்டலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவர் மகனுக்கு வண்டி பழக்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏரிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் பந்து விளையாடும் பொட்டல். வண்டிக்குள், கண்ணாடிக்குக் கீழே, ஒரு துவரை மிளாறு, காய்ந்த துவரங்குச்சி, எப்போதும் கிடக்கும். கியர் போடும்போது கறகறவென்று சத்தம் வந்தால் இடது கை முட்டியில் ஒரு அடி. வண்டி குலுங்கி நின்றுபோனால் பிடரியில் ஒரு அடி. கிளட்சை விடும்போது அவசரப்பட்டால் தொடையில். வெளியில் நிற்கிற எங்களுக்கே மிளாறு காற்றைக் கிழிக்கும் சத்தம் கேட்கும். பையன் அழமாட்டான். கையை மட்டும் ஒருதரம் உதறிவிட்டு மறுபடியும் கியர்க் கம்பியைப் பிடிப்பான்.

என் நாத்தனார், என் வீட்டுக்காரருடைய தங்கச்சி, எங்கள் கும்பலில் இருந்தாள். எனக்கு வராத பேச்சையெல்லாம் சேர்த்து அவள்தான் பேசுவாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

“இன்னா மேஸ்திரி, புள்ளைக்கு கை பூசணிக்கா மாதிரி வீங்கிப் போச்சு. மாட்டக்கூட இப்டி அடிக்க மாட்டாங்க.”

“நான் கிளீனரா இருக்கசொல்ல எங்க டிரைவரு பீடிய இங்க வச்சி சுட்டாரு, பாரு.” மேஸ்திரி காதுக்குக் கீழே இருந்த வடுவைக் காட்டினார். “இன்னிக்கி வரைக்கும் ஒரு கோழிய ஏத்துனது கெடையாது நானு. ஒத வாங்குனாதான் தொழிலு ஒடம்புல ஏறும்.”

“அப்ப உங்க வூட்டுக்காரம்மா உங்கள நாலு சாத்து சாத்தட்டும். அடுப்படி வேல உங்களுக்கும் ஒடம்புல ஏறட்டும்.”

நாங்கள் சிரித்தோம். வண்டிக்குள் பையனும் சிரித்துவிட்டான். சிரித்ததற்கு அவனுக்கு இன்னொரு அடி விழுந்தது. நாத்தனார் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடி நான் பார்த்தது அந்த ஒருதரம்தான்.

இன்னொன்றும் எழுதவேண்டும். வண்டியில் டீசல் காட்டுகிற முள் இருக்கிறதே, அதன் கண்ணாடி மேல் மேஸ்திரி நகப்பூச்சால் சிவப்பாக ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். மலை ஏறி இறங்கி ஆலைக்குப் போய் ஊருக்குத் திரும்பும்போது முள் அந்தக் கோட்டுக்குக் கீழே போயிருக்கக் கூடாது. போயிருந்தால் அன்று சாயந்திரம் அவர்கள் வீட்டு வாசலில் சத்தம் கேட்கும். முள் கோட்டைத் தாண்டாமல் இருக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். அவர் மட்டும் இல்லை, அந்த மலையில் லோடு இறக்குகிற நிறையப் பேர் செய்வதுதான். வெள்ளிமலையைத் தாண்டி இறக்கம் பிடிக்கும் இடத்தில் இன்ஜினை அணைத்துவிடுவார்கள். அடிவாரம் வரைக்கும் வண்டி தானாக உருண்டு வரும்.

எங்களுக்கும் அது பிடித்திருந்தது. இதை மறைக்கக் கூடாது. இன்ஜின் சத்தம் நின்றதும் காற்றுச் சத்தம் மட்டும் இருக்கும். மூட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டு சத்தம் போடாமலே பேசலாம். நாத்தனார் காலை நீட்டிக்கொண்டு, “ஆத்துத் தண்ணி மாதிரி எறங்குது பாரு அண்ணி. ராணி கூட இப்டி போயிருக்க மாட்டா” என்பாள். ஒவ்வொரு வளைவுக்கும் சத்தமாக மாதாவைக் கூப்பிட்டு நெற்றியில் சிலுவை போடுவாள். மேஸ்திரி வண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் கட்டியிருப்பார். “ரெண்டு பக்கமும் சொல்லி வச்சிருக்கோம், நமக்கு இன்னா பயம்” என்று சிரிப்பாள்.

அன்று எனக்குக் காய்ச்சல். ஈரக் கொல்லையில் நாலு நாளாக நின்ற காய்ச்சல். மூட்டை மேல் ஏறமுடியவில்லை. நாத்தனார்தான், “எங்க அண்ணிய முன்னாடி குந்த வையிடா. வாயில கொழுக்கட்ட வச்சிக்கினு வரும், உனக்குத் தொந்தரவு இருக்காது” என்று சொல்லி என்னைப் பையன் பக்கத்து சீட்டில் ஏற்றிவிட்டாள். அந்தக் கொல்லைக்கு அதுதான் கடைசி நாள். மீந்த கிழங்கையும் விடக்கூடாது என்று மூட்டை ஜாஸ்தி ஏற்றியிருந்தார்கள். அதன்மேல் ஏழு பெண்கள். மேஸ்திரி முன் வண்டியில் எங்களுக்கு ரொம்ப முன்னாலேயே போய்விட்டார்.

இறக்கம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பையன் வண்டியை மெதுவாக்கினான்.

“அத்த.”

“இன்னாடா?”

“நான் பதினொண்ணாவது படிக்கசொல்ல எங்க ஸ்கூலுக்கு ஆர்.டி.ஓ ஆபீசுலருந்து வந்தாங்க. மலையில ஏற எந்த கியர் போட்டமோ எறங்கசொல்லவும் அதே கியர்லதான் வரணுமாம். இன்ஜினே வண்டிய இஸ்து புடிச்சிக்குமாம். ஆஃப் பண்ணவே கூடாதாம். பிரேக்கு போயிடுமாம்.”

நான் முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

“அப்பாகிட்ட சொன்னேன். அந்த ஆபீசரு டீசல் ஊத்தித் தருவாரான்னு கேட்டுட்டு அடிச்சாரு.” அவன் பின்னால் திரும்பி மூட்டைகளைப் பார்த்தான். “அத்த, இன்னிக்கி லோடு ஜாஸ்தியா கீது. இன்ஜின போட்டே எறக்கட்டுமா? அப்பா தூரமா போயிட்டாரு. அவருக்கு கேக்காது.”

அவன் என்னைத்தான் கேட்டான். வேறு யாரும் அங்கே இல்லை. நான் முள்ளைப் பார்த்தேன். மலை ஏறியதிலேயே அது சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அவன் இடது கையைப் பார்த்தேன். முட்டியில் போன வாரத்துத் தோல் இன்னும் ஒட்டவில்லை. சாயந்திரம் இந்தப் பிள்ளை உதை வாங்குவானே என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

“எனக்கு இன்னாடா தெரியும்? உங்கப்பன் சொல்றா மாதிரியே உடு. வீணா ஒத வாங்காத.”

அவன் சாவியைத் திருப்பினான். இன்ஜின் நின்றது. பின்னாலிருந்து நாத்தனாருடைய சிரிப்பு நன்றாகக் கேட்டது.

முதல் வளைவில் பிரேக் பிடித்தது. அடுத்ததிலும் பிடித்தது. அதற்கடுத்த வளைவுக்கு முன்னால் அவன் கால் அப்படியே நின்றுவிட்டதைப் பார்த்தேன். “அத்த, எறங்கல” என்றான். எனக்குப் புரியவில்லை. “பிரேக்கு எறங்கல அத்த. கல்லு மாதிரி கீது.” சீட்டிலிருந்து எழும்பி இரண்டு காலையும் பிரேக் மேல் வைத்து நின்றான். வண்டி கொஞ்சம்கூடக் கேட்கவில்லை. வேகம் எடுத்தது. பின்னால் மாதாவே மாதாவே என்று ஏழு குரலும் சேர்ந்து வந்தது. அதில் இப்போது சிரிப்பு இல்லை.

அவன் ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். அது எப்போதோ போனது. சாவியைத் திருப்பினான். இன்ஜின் ஒருதரம் இருமியது. கியரைப் போட்டான். கறகறவென்று அந்தச் சத்தம் வந்தது. சத்தம் வந்ததும் அவன் கை கியர்க் கம்பியிலிருந்து தானாகப் பின்னால் ஓடி, நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. தலை குனிந்து தோளுக்குள் போனது. அவன் அப்பா அங்கே இல்லை. மிளாறு கண்ணாடிக்குக் கீழே சும்மா கிடந்தது. ஆனாலும் அடி வரும் என்று அந்தக் கை ஒதுங்கிக்கொண்டது. ஒரு மூச்சு நேரம்தான். அதற்குள் வளைவு வந்துவிட்டது.

இடது பக்கம் பள்ளம். அவன் வண்டியை வலது பக்கம், மலைப்பாறை மேல் ஒடித்தான். வண்டி பாறையை உரசிக்கொண்டே போய், அவன் பக்கத்துச் சக்கரம் மேலே எழும்பியது. பிறகு வானம் கண்ணாடிக்குள் வந்தது. அவன் என்மேல் விழுந்தான். என் காறை எலும்பு முறிந்த சத்தத்தை வெளியே கேட்பதுபோல் கேட்டேன்.

வெகு நேரம் கிழங்குகள் உருண்டுகொண்டே இருந்தன. ரோட்டு இறக்கத்தில் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு கீழே போய்க்கொண்டே இருந்தன. உடைந்த கண்ணாடி வழியாகத் தவழ்ந்து வெளியே வந்தேன். ஆறு பேரை நான் பார்த்தேன். ஒருத்திக்கு முழங்கை தலைகீழாகத் திரும்பியிருந்தது. ஒருத்திக்குத் தலைத் தோல் கிழிந்து காதுமேல் தொங்கியது. நாத்தனாரைக் காணவில்லை. மூட்டைகளுக்கு அடியில் அவள் முகம் மட்டும் தெரிந்தது. வாயிலிருந்து சிவப்பாக வழிந்தது. அவள் வெற்றிலை போடுகிறவள். அது வெற்றிலைச் சாறுதான், வெற்றிலைச் சாறுதான் என்று நான் சொல்லிக்கொண்டே ஒரு கையால் மூட்டையை இழுத்தேன். அசையவில்லை. அவள் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அது பார்க்கவில்லை.

கீழேயிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. ஆம்பிளைகள் இறங்கி ஓடிவந்தார்கள். மூட்டையைத் தூக்க வருகிறார்கள் என்று நினைத்தேன். “எவன்டா ஓட்னது?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். பையன் வண்டிக்குள்ளேயே இருந்தான். தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். “பால் குடிக்கிற பையன்டா இது. இவன்கிட்ட எவன்டா வண்டிய குடுத்தது?” என்றான் ஒருத்தன். சொல்லிக்கொண்டே அந்தப் பால் குடிக்கிற பையன் முகத்தில் முட்டியால் இடித்தான். ஒருத்தன் ஹெல்மெட்டால் அடித்தான். கீழே கிடந்த கிழங்கை எடுத்தும் அடித்தார்கள். கிழங்கு உடைந்து வெள்ளையாகச் சிதறும். அடுத்ததை எடுப்பார்கள். அவன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. தலையை மட்டும் தோளுக்குள் இழுத்துக்கொண்டான். அடிக்கிறவர்கள் களைத்த பிறகுதான் இரண்டு பேர் மூட்டைப் பக்கம் போனார்கள்.

முன் வண்டி திரும்பி வந்தது. மேஸ்திரி குதித்து ஓடிவந்தார். அப்பன் வந்துவிட்டான், இனி விடுவார்கள் என்று நினைத்தேன். அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் பையன் வயிற்றில் உதைத்தார்.

“இன்னாடா பண்ண? வண்டிய இன்னாடா பண்ண?”

“நீ சொன்ன மாதிரிதாம்பா உட்டேன்.”

வாய்மேல் அறைந்தார். ஒரு பல் ரோட்டில் விழுந்தது. நான் பார்த்தேன். நான் வாய்க்கால் ஓரம் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னிடம் கேட்டான், நான்தான் அணைக்கச் சொன்னேன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். என் வாய் திறக்கவில்லை. அவனும் என் பக்கம் பார்க்கவில்லை.

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் எங்களைப் படுக்க வைத்திருந்தபோது மேஸ்திரி ஒவ்வொரு கட்டிலாக வந்தார். லைசென்ஸ் அவரிடம்தான் இருந்தது. அதனால் அவர்தான் ஓட்டினார், மாடு குறுக்கே வந்தது என்று எல்லோரும் சொல்லவேண்டும். “பையன் உள்ள போயிட்டான்னா அவன் வாழ்க்க போச்சு யக்கா” என்று என் கால்மாட்டில் நின்று அழுதார். அது பொய் அழுகை இல்லை. போலீஸ்காரர் வந்து கேட்டபோது நான் தலையை ஆட்டினேன். அதுதான் என் வாக்குமூலம்.

அடக்கத்துக்கு என்னைக் கட்டுப்போட்ட தோளோடு கூட்டிவந்தார்கள். கல்லறையில் நாத்தனார் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். அவர் மரம் ஏறுகிற தொழில் செய்தவர், கை கட்டை மாதிரி இருக்கும்.

“யக்கா, நீதான முன்னாடி குந்தினு இருந்த? எப்டி ஆச்சு? மேஸ்திரியா ஓட்னாரு? நீ பாத்த இல்ல?”

நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை விட்டுவிட்டுப் போய்க் கல்லறைச் சுவரில் நெற்றியை மோதினார். நாலு பேர் பிடித்து இழுக்கும்வரை மோதினார். சுவரில் ரத்தம் ஒட்டியிருந்தது.

அடுத்த கிழங்குக் காலம் வருவதற்குள் எனக்கு எலும்பு ஒருமாதிரிக் கோணலாகக் கூடிவிட்டது. வண்டியையும் பட்டறையில் நிமிர்த்திக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒருநாள் விடிந்ததும் ரேஷன் கடைக்கு முன்னால் இரண்டு வண்டியும் நின்றன. பின் வண்டியில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். புருவத்தில் தையல் வடு. பல் இருந்த இடத்தில் ஓட்டை. கண்ணாடிக்குக் கீழே புதிய மிளாறு. அவனுக்குப் பதினெட்டு முடிய இன்னும் மாதங்கள் இருந்தன.

“ஏறுங்க ஏறுங்க, கெழங்கு மேல காஞ்சிக்கினு கீது” என்றார் மேஸ்திரி. பெண்கள் ஏறினார்கள். வயிறு இருக்கிறதே. முழங்கை திரும்பியவள்கூட ஏறினாள். நானும் காலைத் தூக்கிப் படியில் வைத்தேன். உள்ளே பார்த்தேன். பையன் கியர்க் கம்பியில் கையை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். அவன் இந்த மலையில் சாகப்போகிறான், நான் மறுபடியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன் என்று தோன்றியது. காலை எடுத்துவிட்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

“இன்னா யக்கா? பூச போட்டாச்சு. மறுபடியும் நீ கும்புடப் போறியா?” என்றார் மேஸ்திரி. பெண்கள் சிரித்தார்கள்.

“பையன் எறங்கட்டும்.”

குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் பக்கத்தில் வந்தார். “இன்னா?”

“பையன் எறங்கட்டும். பதினெட்டு ஆவட்டும். கள்ளக்குறிச்சியில கிளாசுக்குப் போயி ஒழுங்கா கத்துக்கினு வரட்டும். அப்புறம் ஓட்டட்டும்.”

“கிளாசா? பஸ் ஸ்டாண்ட சுத்தி சுத்தி வர்றவன் மலைய பாத்திருப்பானா? அவன் எம்புள்ளைக்கு சொல்லித் தரப்போறானா? நகரு யக்கா. கம்முனு இருந்த பொம்பள, இன்னிக்கி இன்னா வந்துச்சு உனுக்கு?”

நான் நகரவில்லை. அவர் என்னைத் தள்ளினார். கூடிய எலும்பு மேலேயே கை பட்டது. விழுந்தேன். எலும்பு மறுபடியும் விட்டுக்கொண்டது. அவர் வண்டிக்குள் கையை விட்டு மிளாறை எடுத்தார். என்னை அடிக்கவா, பையனை அடிக்கவா, எனக்குத் தெரியாது.

பையன் இறங்கினான். அவன் கையில் ஜாக்கிக் கம்பி இருந்தது. ஓங்கி அப்பன் கைமேல் போட்டான். காய்ந்த கரும்பை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். மிளாறு விழுந்தது. அடுத்தது முழங்காலில். மேஸ்திரி கீழே சாய்ந்தார். பையன் அவர் நெஞ்சில் காலை வைத்துக் கம்பியை இரண்டு கையாலும் தூக்கினான். “நீதான் கொன்ன. நீதான்டா அந்த அத்தைய கொன்ன” என்று கத்தினான். வாயில் எச்சில் வழிந்தது. எதிர் டீக்கடையில் ஏழெட்டு ஆம்பிளைகள் இருந்தார்கள். ஒருத்தரும் எழுந்து வரவில்லை.

நான் தரையில் நகர்ந்து போய் அவன் காலைப் பிடித்துக்கொண்டேன்.

“அவரு இல்லடா. நான்டா. நீ என்னைய கேட்ட. இன்ஜின போட்டே எறக்கட்டுமான்னு கேட்ட. நான்தான் வேணாம்னு சொன்னேன். நான்தான் ஆஃப் பண்ண வச்சேன். என்னைய அடி.”

அவன் கீழே பார்த்தான். “சொல்லாத அத்த” என்றான். மெதுவாகத்தான் சொன்னான். “சொல்லாத. நான் யார்கிட்டயும் சொல்லல.”

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. பஸ்காரர்கள் அடித்தபோது, அப்பன் பல்லை உடைத்தபோது, இத்தனை மாதம் வீட்டில் வாங்கிய அடியில், அவன் ஒருதரம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கம்பி அவன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவன் அப்படியே உட்கார்ந்துகொண்டான்.

டீக்கடையில் இருந்தவர்களில் நாத்தனார் வீட்டுக்காரரும் ஒருத்தர். எழுந்து வந்தார். என் கன்னத்தில் அறைந்தார். இன்னொரு கன்னத்திலும் அறைந்தார். மூன்றாவது அறைக்குக் கை ஓங்கியபோது பெண்கள் வண்டியிலிருந்து இறங்கி வந்து அவரைப் பிடித்தார்கள். நான் அவரைத் தடுக்கவில்லை.

“ஸ்டேசனுக்கு வா. இத அங்க சொல்லு” என்றார்.

போய்ச் சொன்னேன். தொங்குகிற தோளோடு நின்றுகொண்டு சொன்னேன். முன்னால் சொன்னதை ஏன் மாற்றுகிறாய் என்று அதட்டினார்கள். அழுதுகொண்டே முழுக்கச் சொன்னேன். பையன் ஓட்டினான், அவன் கேட்டான், நான் சொன்னேன், அவன் அப்பன் அப்படிப் பழக்கியிருந்தார். வயசு குறைந்த பிள்ளையிடம் வண்டி கொடுத்ததற்கு மேஸ்திரி மேல் கேஸ் ஆனது. பையனைப் பிள்ளைகளுக்கான கோர்ட்டில் விசாரித்து எச்சரித்து விட்டார்கள். நாத்தனார் வீட்டுக்காரர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. கோயிலில் நான் ஒரு பக்கம் உட்கார்ந்தால் அவர் மறு பக்கம் உட்காருவார்.

அன்று வண்டியிலிருந்து இறங்கிய பெண்கள், லைசென்ஸ் உள்ள ஆள் ஓட்டினால்தான் வருவோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருசம் எங்கள் கும்பல் மலைக்குப் போகவில்லை. கரும்பு வெட்டப் போனோம்.

பையனுக்குப் பதினெட்டு ஆனதும் அவன் அம்மா அவனைக் கள்ளக்குறிச்சியில் டிரைவிங் கிளாசில் சேர்த்துவிட்டாள். மேஸ்திரி தடுக்கவில்லை. அவருக்கு அந்தக் கை இன்னும் முழுசாக மடங்குவதில்லை. முதல் நாள் கிளாஸ் முடிந்து பையன் நேராக என் வீட்டுக்கு வந்தான்.

“கியரு கறகறன்னுச்சு அத்த. நான் கைய எடுத்துக்கினு குனிஞ்சிட்டேன். மாஸ்டரு, ஏம்பா குனியறன்னு கேட்டாரு. ஒண்ணும் இல்ல சார்னேன். அவரு என் மூஞ்சியப் பாத்தாரு. அப்புறம், சத்தம் வந்தா கைய எடுக்காத, கிளட்ச மறுபடியும் முழுசா மிதிச்சிட்டுப் போடுன்னாரு. அவ்ளோதான் அத்த. வேற ஒண்ணும் பண்ணல.”

அந்தக் குனிகிறது நிற்க அவனுக்கு ரொம்ப நாள் ஆனது. கிளாஸ் முடிகிற வாரத்தில் மறுபடியும் வந்தான். சமதரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, மாஸ்டர் பிரேக்கை மிதிக்கச் சொன்னாராம். முதல் மிதி இறங்கியது. அடுத்தது கொஞ்சம் இறங்கியது. மூன்றாவது மிதியில் கல் மாதிரி ஆகிவிட்டது. இன்ஜின் ஓடினால்தான் உன் காலுக்குப் பலம், அணைத்தால் உன் கால் மட்டும்தான் என்றாராம். லோடு குறைந்த நாட்களில் அந்தக் கால் பலத்திலேயே தப்பியிருக்கிறோம். ஆபத்து இல்லாத இடத்தில், மெதுவாக, ஒரு நாளில் சொல்லிக் கொடுத்துவிட்டார். அதைச் சொல்லிவிட்டு அவன் என் வீட்டுக் கதவில் சாய்ந்துகொண்டு அழுதான். அத்தனை அடிக்கும் அழாத பிள்ளை. நானும் அழுதேன்.

இப்போது அவன் லைசென்ஸ் எடுத்து, வேறு முதலாளியிடம் லாரி ஓட்டுகிறான். மலை இறக்கத்தில் சின்னக் கியரில் உறுமிக்கொண்டேதான் வருவான். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்களாம்.

கூட்டத்தில் இதைப் படிக்கப்போகிறவருக்கு ஒன்று சொல்லவேண்டும். மூன்றாவது மிதியில்தான் பிரேக் கல்லாகுமா, நாலாவதா, எல்லா வண்டிக்கும் இப்படித்தானா, ஏறுகிற கியரிலேயே இறங்கவேண்டும் என்பது லோடுக்கும் வெறும் வண்டிக்கும் ஒன்றா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவன் சொன்னதை வைத்து எழுதியிருக்கிறேன், அதிலும் பாதி மறந்திருக்கலாம். வளைவுகளின் கணக்கும் மாறியிருக்கும். வண்டி தெரிந்த ஒருவர் இதை முழுக்கப் பார்த்து, தப்பு இருந்தால் அடித்துத் திருத்திவிட்டு, அப்புறம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். தெரியாத விஷயத்தில் நான் சொன்னதைக் கேட்டு ஒரு பிள்ளை ஏற்கெனவே அதன்படி நடந்துவிட்டான்.